லேஸ் கட்ட ஒரு நிமிஷம்

காலை ஐந்தே முக்காலுக்குக் கீழ்க்கடையில் கடலைமிட்டாய்க்குப் பாகு ஏற்றிவிடுவார்கள். மாடியில் சுகுணாவின் உடற்பயிற்சி வகுப்பும் அதே நேரத்தில்தான் ஆரம்பிக்கும். "கண்ண மூடிக்கிட்டு மூச்ச மெதுவா உள்ள இழுங்க" என்று அவள் சொன்னதும் பதினான்கு பெண்களும் இழுப்பார்கள். மூச்சோடு வெல்லப்பாகு வாசமும் உள்ளே போகும். உடம்பைக் குறைக்கலாம் என்று வந்தவர்களுக்கு விடிந்தும் விடியாததுமாக இப்படி ஒரு சோதனை.

"டீச்சர், ஒங்க மூச்சுப் பயிற்சியில மட்டும் எனக்கு ரெண்டு கிலோ கூடிப்போச்சு" என்பாள் கல்யாணசுந்தரி. பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. வகுப்பைச் சிரிக்க வைப்பது தன் பொறுப்பு என்று அவளாகவே எடுத்துக்கொண்டிருந்தாள்.

சுகுணாவின் வகுப்பில் பாட்டு கிடையாது, கத்தல் கிடையாது, இன்னும் பத்து இன்னும் அஞ்சு என்று உயிரை எடுப்பதும் கிடையாது. அதற்கெல்லாம் அடுத்த தெருவில் ஒரு ஜிம் இருக்கிறது. அங்கே போகிறவர்கள் திரும்பி வரும்போது மாடிப்படியைப் பக்கவாட்டில்தான் இறங்குவார்கள். இவள் பாணி வேறு. காலைத் தூக்கச் சொல்வாள். தூக்கியதும் ஒவ்வொருத்தியிடமும் பேர் சொல்லிக் கேட்பாள்: "எங்கன இழுக்குது? எங்கன வலிக்குது?" வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு செய்தால் அவளுக்குக் கெட்ட கோபம் வரும். ‘நல்லாருக்கு’ என்ற பதிலை அவள் ஏற்றுக்கொள்வதே இல்லை.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. இந்த ஊர்ப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தால்தான் தெரியும். வீட்டில் யாருக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். தன் தோளில் எந்தப் பக்கம் வலி என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்கள். முதல் மூன்று மாதம் சுகுணா பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்புறம் ஒவ்வொருத்தியாக வாயைத் திறந்தார்கள். திறந்த வாயை மூட வைப்பது அதன்பிறகு பெரும்பாடாகிவிட்டது.

மிக்கேலம்மாள் மட்டும் திறக்கவில்லை.

"மிக்கேலு, எங்கன வலிக்குது?"

"நல்லாருக்குட்டி."

"நல்லாருக்குன்னு சொல்லக்கூடாதுன்னு சொன்னேம்லா?"

"நல்லாருந்தா வேற என்னத்தச் சொல்லச் சொல்லுத?"

வகுப்பில் மற்ற எல்லோருக்கும் சுகுணா டீச்சர். மிக்கேலம்மாளுக்கு மட்டும் ஏட்டி. இரண்டு பேருக்கும் நாற்பத்தைந்து வயது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒரே ஹாக்கி டீமில் ஓடியவர்கள். பள்ளிக்கூடம் முடிந்த வருஷமே மிக்கேலம்மாள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டாள். மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்குகிற வேலை. பிறகு அதற்கு மெஷின் வந்ததும் பண்டல் கட்டுகிற இடத்துக்கு மாற்றினார்கள். அது நாள் முழுக்க நின்று செய்கிற வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

வகுப்பு முடிகிற நேரத்தில் எல்லோரும் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, கைகாலைத் தளர விட வேண்டும். சுகுணா சத்தமில்லாமல் இடையில் நடந்து பார்ப்பாள். மிக்கேலம்மாளின் முகம் தளர்ந்திருக்கும், கால் தளர்ந்திருக்கும். வலது கைக் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். இல்லாத குச்சியை இல்லாத சட்டத்தில் அவள் அடுக்கிக்கொண்டிருப்பாள். அதைப் பார்க்கிற ஒவ்வொரு நாளும் சுகுணா பார்வையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். ஏனென்றால் அந்தக் கையில் இருந்திருக்க வேண்டியது வேறு.

வகுப்பின் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. பதினொரு பெண்கள், நடுவில் ஒரு கப். தொண்ணூற்றேழாம் வருஷம். கப்பைப் பிடித்திருப்பவள் கேப்டன் சுகுணா. அவள் தோளில் சாய்ந்துகொண்டு எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவள், வலது ஓரத்தில் ஆடும் ரைட் அவுட் மிக்கேலம்மாள். உற்றுப் பார்த்தால் அவள் ஒற்றைக் காலில் நிற்பது தெரியும்.

என்ன நாட்கள் அவை! தீப்பெட்டி பண்டலுக்கு வரும் அட்டையை மடித்துக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் அதுதான் கால்கவசம். ஸ்டிக்கின் கைப்பிடிக்குப் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுவார்கள். பாதி ஆட்டத்தில் எலுமிச்சம்பழத்தை நாலாக வெட்டி உப்பைத் தொட்டுத் தருவார்கள், பல் கூசக் கூசச் சப்புவார்கள். மழை பெய்த மறுநாள் மைதானத்துக் கரிசல் ஷூவில் அப்பி, ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கூடியிருக்கும். அந்தக் காலைத் தூக்கிக்கொண்டும் மிக்கேலம்மாள் ஓடுவாள். ஓரக்கோட்டை ஒட்டி அவள் ஓட ஆரம்பித்தால் பந்துதான் முதலில் களைத்துப்போகும். எதிர் டீம் பெண்களே நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் நினைத்தால் சுகுணாவுக்கு இன்றைக்கும் கால் பரபரக்கும், அந்த வயசு இன்னொரு தரம் கிடைக்காதா என்று ஏக்கமாக இருக்கும்.

அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் எபநேசர் சார். தங்கமான மனுஷன். பசியோடு யார் வந்தாலும் கண்டுபிடித்துவிடுவார், தன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் சோறு வரும். ஆனால் அவரிடம் ஒரே ஒரு சட்டம் உண்டு: "வலிக்குதுன்னு சொல்லுதவ போய்ப் பெஞ்சுல உக்காரு." மைதானத்து ஓரத்தில், வேப்பமரத்தடியில், ஒரு கால் குட்டையான மரப்பெஞ்சு கிடந்தது. அதில் உட்காருவதைவிட அவமானம் அந்த வயதில் வேறு இல்லை.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவள் கேப்டன்தான். எங்கேயாவது தாங்க முடியாமல் வலித்தால் சட்டென்று குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக் கட்டு. ஒரு நிமிஷம் மூச்சு வாங்கிக்கொள். மற்றவர்கள் பார்த்துவிட்டு உன் இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள். சாருக்குத் தெரியாது. சாருக்குக் கடைசி வரைக்கும் தெரியவே இல்லை. "சனியன், இந்தக் கடைக்காரன் குடுக்குத லேஸு நிக்கவே மாட்டேங்குதே" என்று திட்டிக்கொண்டு, ஒரு தடவை தன் சம்பளத்தில் டீம் முழுவதுக்கும் புது லேஸ் வாங்கிவந்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் பாதிப் பேருக்கு விலா வலி வந்து, அதற்கும் குனிந்து லேஸ் கட்டினார்கள்.

போட்டோ எடுத்த அன்று நடந்தது பைனல். ஒன்றுக்கு ஒன்று, ஐந்து நிமிஷம் பாக்கி. மிக்கேலம்மாள் மூன்றாவது தடவையாக லேஸ் கட்டக் குனிந்தாள். சுகுணா பக்கத்தில் போனாள். நிமிர்ந்த முகம் வேர்வையில் நனைந்து வெளுத்திருந்தது. கேப்டனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "கட்டியாச்சா? வா, பந்து ஒனக்குத்தான் வருது" என்றாள். மிக்கேலம்மாள் எழுந்து ஓடினாள். அவள் தள்ளிய பந்தைத்தான் சுகுணா கோலாக்கினாள்.

வலது கணுக்கால் முறிந்திருந்தது. முறிந்த காலோடுதான் கடைசி ஐந்து நிமிஷமும் ஓடியிருக்கிறாள். கட்டுப் போட்டு ஆறு மாதம் படுக்கை. அந்த கோலை வைத்துச் சுகுணாவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜில் இடம் கிடைத்தது, உடற்கல்விப் படிப்பு முடிந்தது, வெளியூர்களில் வேலை கிடைத்தது, எல்லாம் முடிந்து சொந்த ஊருக்கே வந்து இந்த வகுப்பும் ஆரம்பமானது. மிக்கேலம்மாளுக்குத் தீப்பெட்டி ஆபீஸ். இருபத்தெட்டு வருஷத்தில் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருஷம் மிக்கேலம்மாள் தானாக வந்து வகுப்பில் சேர்ந்தபோது சுகுணா இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. ஏதாவது திட்டுவாள் என்று பார்த்தால் அவள் போட்டோவைப் பார்த்து, "அந்த அட்ட கட்டுன கால பாருட்டி" என்று சிரித்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

எபநேசர் சார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆனபோது, அவர் பெயரில் பழைய மாணவிகள் இரண்டு டீமாகப் பிரிந்து ஒரு காட்சிப் போட்டி நடத்துவதென்று முடிவானது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர், பதினைந்து பதினைந்து நிமிஷமாக இரண்டு பாதி. முதல் போன் சுகுணாவுக்குத்தான் வந்தது. அவள் கேட்ட முதல் பெயர் மிக்கேலம்மாள்.

"நானா? ஸ்டிக்கப் பிடிச்சு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா?" என்றாள் மிக்கேலம்மாள். ஆனால் சொல்லும்போதே கண் மின்னியதைச் சுகுணா பார்த்தாள். அந்த வாரமே திருப்பூரில் வேலை பார்க்கும் அவள் மகன் ஜோபின் ஒரு ஜோடி ஷூ வாங்கி அனுப்பிவிட்டான். குனிந்து கட்ட அம்மாவுக்குச் சிரமமாக இருக்கும் என்று லேஸே இல்லாத ஷூவாக, பட்டையை இழுத்து ஒட்டுகிற மாதிரி பார்த்து வாங்கியிருந்தான். அவள் அதை வகுப்புக்குக் கொண்டுவந்து பதினான்கு பேரிடமும் காட்டினாள்.

சுகுணா அவளை முதலில் பிசியோதெரபி டாக்டரிடம் கூட்டிப்போனாள். கணுக்கால் பரவாயில்லை என்றார் அவர். இத்தனை வருஷமாக அந்தக் காலுக்குப் பாரம் கொடுக்காமல் நின்று நின்று இடது முழங்கால்தான் தேய்ந்திருக்கிறது. "கொஞ்ச நேரம் ஓடலாம். ஆனா வலி ஆரம்பிச்ச உடனே நிறுத்திரணும். அதுக்கு மேல ஓடுனா ஆபரேஷன்ல கொண்டுபோய் விட்ரும். அப்புறம் நின்னு செய்யுத வேலைய மறந்திர வேண்டியதுதான்."

வலி ஆரம்பித்ததும் நிறுத்த வேண்டும் என்றால், ஆரம்பித்துவிட்டது என்று அவள் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எல்லாமே அதில்தான் இருந்தது. பேசாமல் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று சுகுணா பலமுறை யோசித்தாள். புது ஷூவை நினைத்ததும் மனசு வரவில்லை.

ஒரு மாதம் காலையிலும் சாயங்காலமும் அவளைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டாள். "கண்ண மூடு. உச்சந்தலையிலருந்து மெதுவா எறங்கி வா. நெத்தி, தாடை, தொண்ட, தோளு. எங்கன என்ன இருக்குன்னு பாரு. எது தட்டுப்படுதோ அதச் சொல்லு."

முதல் வாரம், "ஒண்ணும் தட்டுப்படல." இரண்டாவது வாரம், "பசிக்குது." மூன்றாவது வாரம், கொஞ்சம் யோசித்து, "இடது காலு வலது கால விடச் சூடா இருக்கு."

அதற்கே சுகுணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கா ஏட்டி அழுத? சூடுதான!" என்று மிக்கேலம்மாள் அதட்டினாள். வலி என்ற வார்த்தை மட்டும் அவள் வாயிலிருந்து வரவே இல்லை. "வலிச்சா கையத் தூக்கிரு மிக்கேலு. சத்தியம் பண்ணு" என்று கேட்டு, மாதா படத்துக்கு முன்னால் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

போட்டி நடந்தது செயற்கைத் தரை போட்ட புது மைதானத்தில். நீலத் தரையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அவர்களில் யாரும் அதுவரை அதில் கால் வைத்ததில்லை. "ஒரு பொட்டு மண்ணு கிடையாதாட்டி? எங்கன விழுந்து பொரள?" என்று குறைப்பட்டுக்கொண்டே இறங்கினார்கள். ஒருத்திக்கு மகளின் பிரசவம் குறுக்கே வந்துவிட்டதால் மாற்று ஆள் இல்லை, சரியாக ஏழு பேர்தான். கல்யாணசுந்தரி தலைமையில் வகுப்பு முழுவதும் கைதட்ட வந்திருந்தது. எபநேசர் சாரின் படத்துக்கு மாலை போட்டு, ஒரு நாற்காலியில் மைதானத்தைப் பார்த்து வைத்திருந்தார்கள்.

முதல் பந்து மிக்கேலம்மாளின் ஸ்டிக்குக்கு வந்தபோது, சுகுணா தன் ஆட்டத்தை மறந்து நின்றுவிட்டாள். அதே குனிவு, அதே தோள் சாய்வு. வேகம் பாதிதான் இருந்தது. ஆனால் ஓரக்கோட்டை ஒட்டி அந்தப் பந்தை அவள் கொண்டுபோன விதத்தில் இருபத்தெட்டு வருஷம் எங்கே போனதென்று தெரியவில்லை. சுகுணாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, வாய்விட்டு, "மிக்கேலூ!" என்று கத்தினாள். கத்தியது பதினேழு வயதுக் குரல்.

இரண்டாம் பாதியில் ஒன்றுக்கு ஒன்று ஆனது. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது எதிர் டீமின் தப்பால் இவர்களுக்கு ஷார்ட் கார்னர் கிடைத்தது, கோலடிக்க நல்ல வாய்ப்பு. கோட்டிலிருந்து பந்தைத் தள்ளிவிட வேண்டியவள் மிக்கேலம்மாள், வாங்கி அடிக்க வேண்டியவள் சுகுணா. அம்பயர் கையைக் காட்டினார். எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போனார்கள். மிக்கேலம்மாள் கோட்டுக்குப் போனாள், பந்தை வைத்தாள், குனிந்து லேஸ் கட்ட ஆரம்பித்தாள்.

அடிக்கக் குனிந்திருந்த சுகுணா நிமிர்ந்தாள். முந்தின கணம் வரை அந்த முழங்காலை அவளும் மறந்துதான் போயிருந்தாள். கை எங்கே தூக்கினாள்? சத்தியமாவது ஒன்றாவது. அந்த உடம்புக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான், அதைச் சொல்லிக்கொடுத்ததும் யார்?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சுகுணா உடனே ஓடிப் போய்விடவில்லை. ஒரே ஒரு பந்துதானே, தள்ளிவிட்டு அவள் நின்றுகொள்ளலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. உள்ளே இருந்த பழைய கேப்டன் இன்னும் உயிரோடுதான் இருந்தாள். தன் தாடை இறுகியிருந்ததையும் ஸ்டிக்கைப் பிடித்த தன் கை வெளுத்திருந்ததையும் சுகுணா கவனித்தாள். பிறகு ஸ்டிக்கைக் கீழே போட்டுவிட்டு நடந்தாள். மிக்கேலம்மாளின் முன்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"எங்கன வலிக்குது?"

"ஒண்ணுமில்லட்டி. லேஸு."

"ஒன் ஷூவுல லேஸ் இல்ல மிக்கேலு."

மிக்கேலம்மாள் தன் காலைப் பார்த்தாள். இரண்டு கை விரல்களும் ஷூவுக்கு மேலே, இல்லாத இரண்டு நுனிகளைப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

"சுகுணா, வாட்டி, அம்பயர் பாக்காரு" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். சுகுணா திரும்பவில்லை. "நேரம் இருக்கு. மெதுவாச் சொல்லு. எங்கன?" என்றாள்.

மிக்கேலம்மாள் வகுப்பில் செய்வதுபோலக் கண்ணை மூடினாள். நெற்றியிலிருந்து அவள் இறங்கி வருவதைச் சுகுணா பார்த்துக்கொண்டே இருந்தாள். அம்பயர் விசிலை வாயில் வைத்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

"முட்டியில" என்றாள் மிக்கேலம்மாள். "இடது முட்டி. உள்பக்கம். பாதி ஆட்டத்துலருந்தே இருக்கு." அப்புறம் கண்ணைத் திறந்தாள். உதடு கோணியது. "வலிக்குதுட்டி. ரெம்ப வலிக்குது."

பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படியாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுச் சின்னப் பிள்ளைபோல அழுதாள்.

"வா, போவம்."

"கார்னரு?"

"அது கிடக்கட்டும்."

தோளில் கை போட்டுக்கொண்டு இரண்டு பேரும் வெளியே போனார்கள். ஏழு பேர் ஐந்து பேர் ஆனார்கள். ஷார்ட் கார்னரை யாரோ தள்ளி யாரோ தவறவிட்டு, எதிர் டீம் அந்தப் பந்தையே கொண்டுபோய் கோலாக்கிவிட்டது. ஒன்றுக்கு இரண்டு. "கெடுத்தீங்களே ரெண்டு பேரும்!" என்று டீமே திட்டியது. கல்யாணசுந்தரி மட்டும் எதற்கு என்று தெரியாமலேயே எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

ஓரத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. மிக்கேலம்மாள் ஒன்றில் உட்கார்ந்து இன்னொன்றில் காலை நீட்டினாள். சுகுணா ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, முட்டியில் வைத்துப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் பள்ளிக்கூட நாட்களில் ஒருதடவைகூட உட்காராத இடம்.

"சார் பாத்துக்கிட்டே இருக்காரு" என்றாள் மிக்கேலம்மாள், மாலை போட்ட படத்தைக் காட்டி. "நாளைக்குப் புது லேஸோட வந்திருவாரு."

இருவரும் சிரித்தார்கள். ஐஸ் உருகித் துண்டு நனைந்தது.

"அன்னைக்கும் நீ கேட்டிருக்கணும்" என்றாள் மிக்கேலம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

"கேட்டிருந்தா சொல்லிருப்பியா?"

"சொல்லிருக்க மாட்டேன். ஓடித்தான் இருப்பேன். ஆனாலும் கேட்டிருக்கணும்லா."

சுகுணா துண்டைப் பிழிந்து மறுபடியும் முட்டியில் வைத்தாள்.

"ஏட்டி, கண்ண மூடு" என்றாள் மிக்கேலம்மாள்.

"எதுக்கு?"

"மூடுன்னா மூடு. உச்சந்தலையிலருந்து மெதுவா எறங்கி வா. நெத்தி, தாடை." வகுப்பில் சுகுணா சொல்கிற அதே இழுப்பில் சொன்னாள். "ஒனக்கு எங்கன வலிக்குது?"

இத்தனை பேரிடம் இத்தனை வருஷமாகக் கேட்ட கேள்வியைச் சுகுணாவிடம் யாரும் கேட்டதில்லை. ‘நல்லாருக்கு’ என்றுதான் முதலில் நாக்கு நுனிக்கு வந்தது. அதை விழுங்கினாள்.

"தொண்டையில."

"எத்தன நாளா?"

"இருவத்தெட்டு வருசமா."

மைதானத்தில் பரிசுக்குப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

"தெரிஞ்சேதான் ஓடச் சொன்னேன்" என்றாள் சுகுணா. "என்னய மன்னிச்சிரு மிக்கேலு."

மிக்கேலம்மாள் அவள் கையைப் பிடித்தாள். பிடித்து, ஐஸ் சுற்றிய துண்டோடு முட்டியின் உள்பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தினாள்.

"அங்கன இல்லட்டி" என்றாள். "இங்கன."